நான்கு மணிக்குப் பூட்டும் அறை

எங்கள் குடும்பத்தில் யாரும் எவர் வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை. அதனால், மருமகள் தையல் ஆலை மேலாளரிடம் கெஞ்சினாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வயதுப் பேத்தியை மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தைத்தாளாம். இன்னொரு தடவை குழந்தையோடு வந்தால் வேலை கிடையாதாம். மகன் இறந்துபோன பிறகு அவள் உழைப்பில்தான் அடுப்பு எரிகிறது. எனக்கோ கண்புரை. ஓடும் பிள்ளையைத் துரத்த முடியாது.

அந்த ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. முப்பது வருஷம் அங்கே ஃபிட்டராக இருந்த நான்தான் அதற்குக் கதவு மாட்டினேன். குழந்தைகள் தினத்தன்று மட்டும் திறப்பார்கள். பலூன், மிட்டாய், போட்டோ. நான்கு மணிக்குப் பூட்டு.

இந்த வருஷம் பேத்தியோடு நானும் போனேன், கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையில். "குழந்தைகள் எங்கள் கண்கள்" என்று மேலாளர் மைக்கில் முழங்கினார். நான்கு மணிக்குக் காவலாளி சாவியோடு வந்தார்.

"பெரியவரே, விழா முடிஞ்சுது. பாப்பாவ மர யானையில இருந்து எறக்குங்க."

"கண்ணுன்னாரே உங்க மேலாளர்! நாலு மணியானா கண்ணக் கழட்டிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவீங்களோ?"

தையல் பெண்கள் சிரித்தார்கள். மருமகள் முகம் வெளுத்தது. "வேணாம் மாமா. என் வேலைக்கு வேட்டு வச்சிடாதீங்க."

"உன் வேலைக்காகத்தான்மா வந்திருக்கேன்."

மேலாளர் வந்தார். "பிள்ளைங்களப் பாத்துக்க ஆள் இல்லைங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"நாங்க சாப்பாட்டு நேரத்த மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டுப் பாத்துக்கிறோம் சார்" என்றாள் பட்டன் கட்டும் பெண்.

"முடியாது. பூட்டுய்யா."

திருப்புளி இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. இரண்டு கீல், பன்னிரண்டு திருகாணி. கண் மங்கினால் என்ன, விரலுக்கு எதுவும் மறக்கவில்லை. கதவு சாய்ந்தபோது மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தவர் காவலாளிதான்.

"இப்பப் பூட்டுங்க" என்றேன்.

"போலீஸக் கூப்பிடுவேன்!" என்று கத்தினார் மேலாளர்.

"தாராளமா. அவங்க வர்ற வரைக்கும் போட்டோக்காரரும் இருக்கட்டும்."

போட்டோக்காரர் உறையில் போட்ட கேமராவை மறுபடி வெளியே எடுத்தார். மேலாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விறுவிறுவென்று அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை அந்த அறையில் பதினொரு குழந்தைகள். கதவு இன்னும் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. திருகாணிகள் என் சட்டைப் பையில். வேண்டுமானால் மேலாளர் என் வாசலுக்கு வந்து கை நீட்டட்டும்.