ஜாலிச் சுவர்

காரை விட்டு இறங்கியதுமே நாகவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு அவள் கட்டிக்கொடுத்த காசநோய் ஆஸ்பத்திரி, நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நகைக்கடை மாதிரி நின்றது.

எழுபத்திரண்டு வயதுக் கட்டிடக் கலைஞர் அவள். பூசாத செங்கல், வண்ணமடிக்காத கான்கிரீட், அலங்காரம் என்ற பேச்சே கிடையாது. அப்படியே கட்டி, அதனாலேயே பாதி வேலைகளை இழந்தவள். கட்டியதில் அவளுக்கு முழுசாக மனம் ஒப்பியது இந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் கிழக்குச் சுவர் முழுவதையும் ஓட்டை ஓட்டையான சிமெண்ட் ஜாலியால் எழுப்பியிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் வரும் கடற்காற்று அதன் வழியாக நுழைந்து, இருமுகிறவர்களின் மூச்சை வாரிக்கொண்டு மேற்கே உயரத்தில் இருந்த திறப்புகள் வழியாக வெளியேறிவிடும்.

அந்தச் சுவரைத்தான் காணோம்.

புதுப்பித்த கட்டிடத்தின் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பிய டிரஸ்ட் செயலாளர் எத்திராஜ் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார். "வாங்க மேடம். ஃபுல் ஏசி பண்ணிட்டோம். லுக்கே மாறிப்போச்சு இல்ல?"

"ஜாலி எங்க?"

"இடிச்சிட்டோம் மேடம். ஜெயில் மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும்னா யாரு? இருமிக்கிட்டு வர்றவங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் கூடத்துக்குள் போய்விட்டாள். கண்ணாடிக்குள் நாற்பது பேர். துண்டை வாயில் பொத்தி இருமிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கத்திலேயே நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தர் விடுற மூச்சைத்தான் இங்க மீதிப் பேரு இழுக்கணும். நோயைத் தீர்த்துக்க வர்ற இடத்துல நோயை வாங்கிட்டுப் போகணுமா? எந்த அறிவாளி இதுக்குப் பிளான் போட்டான்? கூப்பிடு அவனை!"

துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் பூங்காவனம். இருபத்திரண்டு வருடமாக அங்கே தரை துடைப்பவள்.

"இத்த நீதான் கட்னியாம்மா?"

"ஆமா."

"நல்லா கட்ன போ. ஐப்பசி மழைல அந்த ஓட்டை பூரா தண்ணி உள்ள பூந்துடும். நான்தான் தள்ளினுகீறேன். ரெண்டு தபா வழுக்கி உளுந்து இடுப்பே போச்சு. சீக்காளிங்கோ நனைஞ்சுகினு குந்தினு இருப்பாங்கோ. அதான் மூடிட்டாங்கோ."

"ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

"நீ எங்கம்மா இந்தப் பக்கம் வந்த?"

நாகவல்லிக்குப் பழசு ஞாபகம் வந்தது. கட்டும்போது உடன் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர், சுவருக்கு மேல் சாய்வாக ஒரு சன்ஷேட் போடலாம் என்று மூன்று முறை கெஞ்சினார். சுவரின் தோற்றம் கெட்டுவிடும் என்று அவர் முகத்திலேயே வரைபடத்தைச் சுருட்டி எறிந்தவள் அவள். இப்போது தன் மேலேயே கோபம் வந்தது. அதற்காக எத்திராஜ் மேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

கூடத்து வாசலில் போட்டிருந்த மேடையில் பொன்னாடையை நீட்டினார்கள். அதைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"மழை உள்ள வந்தது என் தப்பு. வீம்புல செஞ்ச தப்பு. பூங்காவனம் இடுப்பு போனதுக்கு நான்தான் காரணம். ஆனா இன்னிக்கு இவங்க திறக்கப்போறது நோயைப் பரப்புற பெட்டி. உள்ள இருக்கிறவங்க எழுந்து வெளிய வாங்க. மரத்தடியில உட்காருங்க."

முதலில் அந்தக் கர்ப்பிணி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். எத்திராஜ் மைக் ஒயரை உருவுவதற்குள் கூடம் காலி.

டிரஸ்ட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாகவல்லி அதை மடித்து அலமாரியில் போட்டுவிட்டு, வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு சுகாதார அதிகாரிகளின் வாசலில் போய் நின்றாள். "உங்க பில்டிங்கை மாத்திட்டாங்கன்னு கோவமா?" என்று சிரித்த ஒருவரிடம், "உங்க பிள்ளையை அங்க ஒரு மணி நேரம் உட்கார வைங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். மூன்றாவது மாதம் ஆய்வுக்கு வந்தார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

கழற்றினார்கள். ஜாலியைத் திரும்பக் கட்டவில்லை. மலிவான இரும்புக் கிரில்லை அடித்து, மேலே பச்சைத் தகரத்தைச் சாய்த்துவிட்டார்கள். நாகவல்லி பார்க்கப் போன அன்று நல்ல மழை. கூடத்தின் நடுவே நின்று கையை உயர்த்திப் பார்த்தாள். காற்று விரல்களுக்கிடையே ஓடியது. தரை காய்ந்திருந்தது.

"தண்ணி வர்லம்மா," என்றாள் பூங்காவனம். "பாக்கத்தான் கோயிக் கூண்டு மாதிரி கீது."

நாகவல்லி சிரிக்கவில்லை. தகரத்தின் ஓரம் ஒருபக்கம் கோணலாகத் தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அடிச்சவன் எவன்? ஏணியைக் கொண்டுவரச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே, பைக்குள் கைவிட்டு அளவு டேப்பைத் தேடினாள்.