ஆறாவது கடை

"ஆறு கடை வேணும்னா ஆறு கடை வேணும். அஞ்சே முக்கால்னு எழுதிக் குடுக்க முடியாது ஸ்லாவ்கா" என்று லூபென் என்னிடம் கத்திய செவ்வாய்க்கிழமை காலையில்தான் நான் போய் நைடன் அண்ணன் ரொட்டிக்கடையின் கதவைத் தட்டினேன். அந்தக் கதவு இரண்டு வருஷமாகச் சாத்திக் கிடந்தது.

லூபென் எங்கள் வட்டாரத் தொழில் வணிகச் சங்கத்தின் தலைவர். செயலாளர், தட்டச்சர், காபி போடுகிற ஆள் எல்லாமே நான்தான். அடுத்த திங்கட்கிழமை தலைநகர் சோபியாவிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. டான்யூப் ஆற்றங்கரை ஊர்களின் 'மீள்திறனு'க்கு நிதி கொடுக்கிறவர்கள். வெள்ளம் வந்தாலும் ஆலை மூடினாலும் விழாமல் நிற்கிற ஊருக்குத்தான் கொடுப்பார்களாம். விழாத ஊருக்கு நிதி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கா எனக்குச் சம்பளம்? பெரிய தெருவில் ஆறு கடையாவது நடக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்தவை மருந்துக்கடை, லாட்டரிக்கடை, சீனாக்காரர் துணிக்கடை, ஒரு மதுக்கடை, சவப்பெட்டிக்கடை. இந்த ஐந்தில் ஓய்வில்லாமல் வியாபாரம் நடந்தது கடைசிக் கடையில்தான்.

நைடன் அண்ணன் கதவைத் திறந்தார். எழுபதை நெருங்கிய மனுஷர், பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்னக் குரல். கல் அடுப்புக்கும் அவர் வீட்டுப் படுக்கையறைக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர் மனைவி வெனெத்தா படுத்திருக்கிறாள், பக்கவாதம் வந்ததிலிருந்து. கடை நடந்த காலத்தில் வருகிறவர்களின் குரலைக் கேட்டே அவள் பொழுதைக் கணக்குப் பண்ணிக்கொள்வாள். தபால்காரன் பர்வன் வந்தால் ஏழரை, பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வந்தால் எட்டு. கடை மூடியபிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஊரில் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தினமும் காலையில், "இன்னைக்கு யாரு?" என்று கேட்பாளாம். யாரும் இல்லை என்று அவர் சொன்னால் நம்பமாட்டாளாம்.

"திங்கட்கிழமை கடையைத் திறக்கணும்ணே" என்றேன்.

"ஸ்லாவ்கா, இது என்ன லைட்டா, சுவிட்சைத் தட்டினதும் எரிய? ரெண்டு வருஷம் குளிர்ந்து கிடந்த அடுப்பு. கல்லெல்லாம் ஈரம் குடிச்சிருக்கு. அஞ்சு நாள் கொஞ்சங்கொஞ்சமா சூடேத்தணும். அவசரப்பட்டா வெடிச்சிடும். சூடேறினப்புறம் அணையவும் விடக்கூடாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமைக்கு அப்புறம்?"

'ஒரு நாளைக்குத்தான் அண்ணே' என்று சொல்லியிருக்க வேண்டும். அது நாக்கு நுனிவரை வந்தது. ஒரு நாளைக்கென்றால் இந்த மனுஷன் ஒரு சுள்ளிகூட எரிக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால், "அப்புறமென்ன? சங்கம் உங்க பின்னாடி நிக்கும்ணே" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை! அவர் உடனே சுவர்ப் பக்கம் திரும்பி, "ஏய் வெனெத்தா, கடை திறக்கப் போறோம்டி!" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து குழறலாக ஏதோ வந்தது. "யாரு வாங்குவா, எல்லாரும்தான் போய்ச் சேந்துட்டாங்களேங்கறா" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே புகை தெரிந்தது. ஐந்து நாளும் பெரிய தெருவில் புகை வாசனை. கொல்லையில் குளிர்காலத்துக்கென்று ஆகஸ்ட் மாசமே வாங்கி அடுக்கிய ஓக் விறகைத்தான் எரிக்கிறார் என்று கேள்விப்பட்டு லூபெனிடம் சொன்னேன். எங்கள் ஊர்ப் பனியில் விறகு இல்லாத வீடு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். கணினியிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. "எரியட்டும். போட்டோவுல புகை நல்லா விழும்."

திங்கட்கிழமைக் காட்சியைச் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் நடந்தது. ஓய்வூதியர் மன்றத்துக்கு முப்பது கூப்பன் கொடுத்திருந்தேன். கூப்பனைக் கொண்டுவந்தால் ரொட்டி இலவசம், கடைக்காரர் கண்ணில் மட்டும் படக்கூடாது, வாசலில் நிற்கிற என்னிடம் கொடுத்துச் சில்லறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். "கலகலன்னு பேசுங்க, எழவு வீடு மாதிரி நிக்காதீங்க" என்று சொல்லி வைத்தேன். கிழங்கள் பிரமாதமாக நடித்தார்கள். நடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, சூடான ரொட்டியைக் கண்டதும் நிஜமாகவே குஷியாகிவிட்டார்கள். சுவருக்குப் பின்னாலிருந்து வெனெத்தா ஒவ்வொரு குரலாக அடையாளம் கண்டுபிடித்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "ட்சோலோ! நீ சாகலையா?" என்றாள். "இன்னும் இல்ல தாயி, சாக நேரமே கிடைக்கல!" என்று கிழவர் திருப்பிக் கத்தினார். கடை முழுக்கச் சிரிப்பு. நைடன் அண்ணன் மாவு அப்பிய கையோடு நின்று அழுதார். சோபியாக்காரர்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு தின்றுவிட்டுக் காரில் ஏறினார்கள்.

நிதி கிடைத்தது. சங்கத்துக்குப் புதுக் கணினிகள், மலை ஓட்டலில் மூன்று நாள் மீள்திறன் பயிற்சி முகாம், தெருமுனையில் நீல எழுத்துப் பலகை.

செவ்வாய்க்கிழமை நைடன் அண்ணன் மறுபடியும் முப்பது ரொட்டி சுட்டார். நாலு பேர் வந்தார்கள். புதன்கிழமை ஒருத்தர், அதுவும் வழி கேட்க வந்தவர். ஊர்க்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பேருந்து நிலையத்துப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு வெட்டிய ரொட்டி கிடைக்கிறது. வியாழக்கிழமை அவர் சங்கத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஜனங்களுக்கு என்மேல ஏதாச்சும் கோபமா? திங்கக்கெழம உப்பு கிப்பு ஜாஸ்தியாப் போச்சா?"

நான் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். லூபென்தான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தார். "அண்ணே, அது கூப்பன்ணே. ஓசி ரொட்டிக்கு வந்த கூட்டம். உங்ககிட்ட இவ சொல்லலையா?"

நைடன் அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவார் என்று தயாராகத்தான் இருந்தேன், பதிலும் வைத்திருந்தேன். அவர் தொப்பியின் விளிம்பை ஒரு சுற்று தடவினார்.

"சரி. விறகுக்கு ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு உதவி. தினம் காலையில ஒரு மூணு பேர அனுப்பி வைங்க. வாங்க வேண்டாம். அடுப்பு ஓரமா குளிர் காஞ்சுக்கிட்டு கால் மணி நேரம் பேசினாப் போதும். அவ காத்துக்கிட்டு இருக்கா. திங்கக்கெழமையிலேர்ந்து ரெண்டு வாய் கூடச் சாப்பிடறா."

"பேசறதுக்கு ஆளா? அதை எந்தத் தலைப்புல எழுதறதுண்ணே? 'அரட்டைச் செலவு'ன்னா?" என்றார் லூபென்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்காதீர்கள். தலைவர் சிரித்தால் சிரிப்பது பன்னிரண்டு வருஷப் பழக்கம். நைடன் அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, எங்களிடமிருந்து தப்பிக்கிறவரைப் போல அல்லாமல், நிதானமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நானே ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. நவம்பர் போயிற்று. டிசம்பரில் முழங்கால் அளவு பனி விழுந்தது. பயிற்சி முகாமுக்கு ஓட்டல்காரனோடு பேசிப் பேசியே என் தொண்டை வற்றியது. ரொட்டிக்கடைப் புகைபோக்கியில் மட்டும் மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. விறகு தீர்ந்து மாவுத் தொட்டியை உடைத்து எரிக்கிறார் என்று மருந்துக்கடைக்காரி சொன்னாள்.

முகாமுக்குப் பேருந்து கிளம்புகிற அன்று காலை ஏழரைக்குப் பெரிய தெரு வழியாக நடந்தேன். எதிர்ச்சாரியில் நைடன் அண்ணன் கடையிலிருந்து வெளியே வந்தார். கோட்டு இல்லை. கதவைச் சாத்தினார். பனியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலைத் தட்டித் தட்டி, மணி அடிக்கும்படி கதவைப் பலமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் தெருவைக் கடந்து கண்ணாடி அருகே போனேன்.

"என்ன நைடா, ரொட்டி ஆச்சா? நல்லா வெந்ததாப் பார்த்து ரெண்டு குடு!" கரகரத்த குரல். பர்வனுடைய குரலேதான். பர்வன் இரண்டு வருஷமாக ஸ்பெயினில் ஆரஞ்சு பறிக்கிறான். நைடன் அண்ணன் மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். "வா பர்வா, உனக்குன்னுதான் எடுத்து வெச்சேன்" என்று தன் குரலில் சொன்னார். அலமாரித் தட்டுகளில் ரொட்டி ஒன்றுகூட இல்லை. தட்டுப் பலகைகளே பாதிதான் இருந்தன.

சுவருக்குப் பின்னாலிருந்து வெனெத்தா குழறினாள். "பர்வனா? கூட யாரு, உன் பொண்டாட்டியா? அவள ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே நான் நிற்பதைக் கண்டார். முகம் ஒரேயடியாக மலர்ந்தது. 'வா, வா' என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார். ஒரே ஒரு வார்த்தை என்று விரலைத் தூக்கிக் காட்டினார். தெருமுனையில் பேருந்து ஹாரன் அடித்தது. லூபென் ஜன்னல் வழியாக என் பேரைச் சொல்லிக் கத்தினார். நான் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

நைடன் அண்ணன் கைகளை இறக்கினார். என் மேலிருந்த கண்ணை எடுக்கவில்லை. இரண்டு விரலால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கீச்சென்ற பெண் குரலில், "நல்லா இருக்கேன் அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் காதைச் சாய்த்து, விரலைத் தொண்டையிலிருந்து எடுக்காமல், அப்படியே நின்றுகொண்டிருந்தார்.