மரத்தைப் பார்க்க வந்தவர்கள்

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து மனைவி இமோஜீனின் உதட்டில் ராஸ்கோ ஒற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய மூச்சு நின்றது. அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. அவளுடைய மார்பையே பார்த்தார். ஏறவில்லை. பிறகு எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்ததுபோல ஒரு பெருமூச்சு வந்தது. மார்பு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

“இனிமே இப்படித்தான்னு நர்ஸ் சொல்லிட்டுத்தானே போனா,” என்றாள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த வெர்டி. இமோஜீனின் அக்கா. “விட்டு விட்டுத்தான் வரும். பொழுது சாயறவரைக்கும் தாங்கறதே பெரிசாம். நீ எதுக்கு வெலவெலத்துப் போற?”

“நான் ஒண்ணும் வெலவெலக்கல, மதினி.”

“குச்சித் தண்ணி பூரா உன் சட்டையில இருக்கு. குனிஞ்சு பாரு.”

ராஸ்கோவுக்குப் பயம்தான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கிழட்டு நாயை ஊசி போட்டு அனுப்பிவைக்கக் கொண்டுபோன அன்று இமோஜீன்தான் உள்ளே போய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இவர் வெளியே வண்டியில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். போன மாதம், அவளுக்குப் பேச்சு இருந்தபோது, அதைச் சொல்லிக்காட்டினாள்.

“நாய்க்குப் பண்ண மாதிரி எனக்கும் பண்ணிராதய்யா. கடைசியில உன் கைதான் எனக்கு வேணும். அக்கா கை வேணாம். அது எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவரும் தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

அது ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தோட்டச் சங்கத்துக்காரர்கள் வழக்கம்போலத் தெருவில் இளஞ்சிவப்பு அம்புகள் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்பைப் பிடித்துக்கொண்டு வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும் டாக்வுட் மரங்கள் இருந்த வீடுகளைப் பார்க்கக் கார்கள் வரிசையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. மலைச்சரிவிலிருந்து குச்சியாகக் கொண்டுவந்து இமோஜீன் வைத்த மரத்துக்கு முன்னால் எல்லாக் கார்களும் நின்றுதான் போயின. ஒரு பச்சை இலை தெரியாமல் அப்படியொரு வெள்ளை. உள்ளே சமையலறையில், துக்க வீட்டுக்கென்று, ஆள் போவதற்கு முன்பே சர்ச்சிலிருந்து வந்து சேர்ந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் ராஸ்கோ போகவே இல்லை.

வெர்டி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். “அடப்பாவி! எவனோ காரை மரத்தடியில ஏத்தி நிறுத்திட்டான்.”

ராஸ்கோ எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “வேரெல்லாம் மேலாக்கத்தான் ஓடும். நசுங்கிரும். இவளுக்குத் தெரிஞ்சா நம்மளக் கொன்னே போட்டுருவா. இதோ, விரட்டிட்டு வந்துர்றேன்.”

வெர்டி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நிற்காமல் அவர் வெளியே வந்துவிட்டார்.

கார்க்காரன் நல்ல மனிதன். மன்னிப்புக் கேட்டு உடனே வண்டியை எடுத்துவிட்டான். வந்த வேலை முடிந்தது. ஆனால் அதற்குள் வேறொரு காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி, “கிளைய இவ்வளவு தாழ விட்டிருக்கீங்களே, வெட்டவே மாட்டீங்களா?” என்று கேட்டார்.

“காஞ்சத மட்டும் எடுப்பா. மத்தபடி அது இஷ்டத்துக்கு விட்டாத்தான் அழகும்பா,” என்றார் ராஸ்கோ. “புல்லு வெட்டுற மெஷினைக் கிட்டக் கொண்டுபோக விடமாட்டா. பட்டையில கீறல் விழுந்தா அந்த வழியாப் புழு பூந்துரும்.”

“என்ன பூ சார்!”

“இது பூவே இல்ல, தெரியுமா? வெள்ளையா இருக்கறது இலைதான். நடுவுல பொடிப்பொடியா இருக்கு பாருங்க, அதுதான் பூ. கல்யாணம் ஆன நாள்லேருந்து இதைச் சொல்லியே என்னை முட்டாளாக்குறா.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். மரத்தைப் பற்றித் தனக்கு இவ்வளவு தெரியும் என்பது ராஸ்கோவுக்கே அப்போதுதான் தெரிந்தது. பேச்சை நிறுத்தினால் உள்ளே போக வேண்டியிருக்கும். அதனால் நிறுத்தாமல் பேசினார்.

கதவு திறந்தது. “ராஸ்கோ!” என்றாள் வெர்டி.

“இதோ, மதினி!”

கால் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு மறுபடி திறந்தது. இந்த முறை அவள் கூப்பிடவில்லை. நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். முடிந்துபோயிருந்தால் நல்லது என்று ராஸ்கோவுக்கு ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்பே அவரைப் பயமுறுத்தியது.

“எங்க வீட்டுலயும் ஒண்ணு வச்சேன் சார்,” என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண். “ஆறு வருஷமாச்சு. ஒத்தப் பூ கிடையாது. யார் வச்சது இது?”

“என் சம்சாரம்.”

“வீட்டுல இருக்காங்களா? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றேன்.”

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். “இருக்கா. உசுரு போயிட்டிருக்கும்மா. எனக்கு உள்ள போகப் பயமா இருக்கு.”

அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். தெருவில் காரோடு காத்திருந்த கணவனைப் பார்த்து, நீ முன்னால் போய் நிறுத்து என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

“வாங்க சார்,” என்றாள். “நான் கேட்க வேண்டியதை அவங்ககிட்டயே கேட்கறேன்.”

உள்ளே இமோஜீனின் மார்பு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெர்டி முகத்தைச் சுளித்தாள். “யாரு இது?”

“மரத்தைப் பத்திக் கேக்க வந்திருக்காங்க, மதினி.”

ஏதோ சுருக்கென்று சொல்லத்தான் வெர்டி வாயெடுத்தாள். பிறகு எழுந்து இடம் விட்டாள். ராஸ்கோ உட்கார்ந்து இமோஜீனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, என் பேரு டெல்ஃபா,” என்றாள் அந்தப் பெண், கட்டிலின் கால்மாட்டில் நின்று. “உங்க மரத்தை மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல. என்னோடது பூக்கவே மாட்டேங்குது. நான் என்ன தப்புப் பண்ணேன்?”

மூச்சு நின்றது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“எங்க வச்சிருக்கீங்க?” என்றார் ராஸ்கோ. “அவ இதைத்தான் மொதல்ல கேப்பா.”

“வீட்டுக்கு வடக்கால சார். பெரிய ஓக் மரத்துக்குக் கீழ.”

“அதான். முழு நிழல். காலை வெயில் கொஞ்சமாவது படணும், உச்சி வெயில்தான் ஆகாது. எவ்வளவு ஆழம் வச்சீங்க?”

“நல்லா ஆழமாத்தான் வச்சேன்.”

“தப்பு. அடிமரம் விரியற எடம் மண்ணுக்கு மேல தெரியணும். அதைப் பொதைச்சிட்டா மூச்சு முட்டிரும்.”

மூச்சு வரவில்லை. வெர்டி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“சார்...” என்றாள் டெல்ஃபா மெதுவாக.

“இருங்கம்மா,” என்றார் ராஸ்கோ, இமோஜீனின் கையை விடாமல். “கோடையில என்ன பண்ணணும்னு இன்னும் சொல்லல.”