இறுக்கிப் போட்ட கொண்டை

என் நெற்றியோரத்தில் முடி பின்வாங்கிக்கொண்டே போனதைப் பார்த்து அப்பாதான் முதலில் ஆடிப்போனார். அவருக்கு இளம் வயதிலேயே வழுக்கை. "என்னோடது உனக்கும் வந்துடுச்சேம்மா" என்று ஒரு தடவைதான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே தொப்பி. சாப்பிடும்போதும் தொப்பியோடு அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துபோய்விடுவார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறுதல் சொல்லவும் வாய் வரவில்லை, அவரிடமிருந்து வந்ததென்றுதான் நானும் நம்பினேன்.

எனக்கு ஹோட்டல் வரவேற்பில் வேலை. ஒரு முடிகூடப் பிசிறக் கூடாது என்பது மேனேஜரம்மாவின் சட்டம். ஜெல் தடவி, வழித்துச் சீவி, ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கிக் கொண்டை போடுவோம். புருவம் லேசாக மேலே ஏறினால்தான் கொண்டை சரி என்பது எங்களுக்குள் கணக்கு. வலிக்காதா என்றால், வலித்தால்தானே சாயங்காலம் வரை நிற்கும்! ஓரத்தில் சொட்டை தெரிய ஆரம்பித்ததும் நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி ஒன்று செய்தேன். மேல்முடியை அதன்மேல் இழுத்துப் படியவைத்து, இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

கடைசியில் அப்பாவே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்.

"அவிழ்த்தா எப்படி இருக்கு?"

"சொர்க்கமா இருக்கு டாக்டர்."

அவர் சிரித்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இது பரம்பரை இல்லம்மா. தினமும் நீங்களே வேரோட இழுத்துட்டிருக்கீங்க. ஓரத்துல பூனைமுடி நிக்குது பாருங்க, வேர் இன்னும் சாகல. இறுக்கிக் கட்டுறதை இன்னியோட விட்டுடுங்க, மெதுவா வளர்ந்துடும். வருஷக்கணக்கா இப்படியே இழுத்துக் கட்டியிருந்தா என்னாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அப்பா விடவில்லை.

"அப்போ என்னால இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாத்தேன் சார். உங்களால இல்ல."

நாளைக்குத் தளரப் பின்னிக்கொண்டு போய் நின்றால் மேனேஜரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும். தலை என்னுடையது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தொப்பியைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டார்.

"அப்பாடா, வீட்டுல மறுபடி வெளிச்சம் வந்துடுச்சு" என்றாள் அம்மா.

அப்பா தலையைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.