மூன்று குழல் சோளப்புட்டு

முந்நூற்றுத் தொண்ணூறு. ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த சுகர் எண்ணை ஜெபகனி நம்பவில்லை. தாள் மாறித்தான் வந்திருக்கும் என்று பெயரை விரல்வைத்துப் படித்தாள். ரசலையன், ஐம்பத்தெட்டு வயது, கீரிப்பாறை. அவள் புருஷனேதான்.

ரப்பர் பால் வெட்டும் கத்தி காலில் விழுந்து இரண்டு மாதமாகிறது. பெருவிரல் புண் ஆறவில்லை. சுகர் குறையாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று போன மாதம் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் சபையில் பெண்கள் கூட்டத்துக்கு வந்த டீச்சர் ஒருத்தி, மக்காச்சோளத்தில் நார்ச்சத்து உண்டு, கண்ணுக்கும் நல்லது, வெள்ளை அரிசிக்கு அது எவ்வளவோ மேல் என்று பேசிவிட்டுப் போனாள். ஜெபகனிக்கு அது போதாதா? வீட்டிலிருந்த அரிசி மொத்தத்தையும் தங்கச்சிக்குக் கொடுத்தனுப்பினாள். காலையில் சோளப்புட்டு, மதியம் சோளக்கஞ்சி, ராத்திரி மறுபடியும் புட்டு. மருந்துதானே, கூடத் தின்றால் கூடக் கேட்கும் என்று மூன்று குழல் தட்டி வைப்பாள். வறண்ட புட்டு தொண்டையில் இறங்க வேண்டுமே என்று கூடவே மூன்று மட்டி வாழைப்பழம். மனுஷரும் மறுபேச்சில்லாமல் பிசைந்து தின்றார்.

இதையெல்லாம் டாக்டரிடம் அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சோளம் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதானே அம்மா, பயறும் காய்கறியும் சேர்த்துக் கொஞ்சமாக அல்லவா கொடுக்க வேண்டும் என்றார். ஜெபகனிக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் ரசலையன் தலையைக் குனிந்தார்.

“நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. நீ இவ்வளவு பாடுபட்டு அவிச்சுத் தாற. பின்ன மாத்திரை எதுக்குன்னு நெனச்சேன், ஜெபா.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. புண்ணின் கட்டைப் பிரித்தபோது விரல் நுனி கறுத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு வந்து சேரச் சொன்னார்கள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்ததால் ரசலையன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“பசிக்கு. நான் என்னத்தத் தின்னட்டும்?”

ஜெபகனி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தூக்குப்பாத்திரத்தில், அவருக்கென்று விடியற்காலையில் அவித்த புட்டு இன்னும் லேசான சூட்டோடு இருந்தது.