தோசைக் கடையில் ஒரு ஜப்பான் வாரி

ஈப்போ பேரங்காடியில் ஜப்பான்காரர்களின் ஆண்டு இறுதிச் சந்தை. பார்த்த இடமெல்லாம் ராசிச் சாமான்கள். ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஐயாவுவை அங்கே இழுத்துப் போனவள் அவர் மனைவி வீரம்மா. வீட்டு வாசலில் தோசைக் கடை போட்டு ஒரு மாதம். மாவு புளித்ததுதான் மிச்சம்.

சருகு கூட்டும் மூங்கில் வாரி ஒன்று, பொன் காசுகளும் சிரிக்கும் முகமூடியும் நடுவில் தங்கக் கெண்டை மீனுமாக, கல்யாணப் பெண்போல் நின்றது.

"இது ஆளுங்கள வாரி இழுக்குமாம். ஒசரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவணுமாம்," என்று வீரம்மா அதை வாங்கிவிட்டாள்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சுங்கை சிப்புட் வீடு வரை தூக்கிப் பிடித்தே வந்தாள். வழியில் ஒரு மாடு எழுந்து நின்று மரியாதை செய்தது. ஐயாவு சத்தியமே செய்வார்.

மறுநாள் காலை கடைக்கு மேலே அது தொங்கியது. என்ன ஜோடித்தாலும் வாரி வாரிதானே! ஐயாவுக்குக் கை அரித்தது. வாசலில் கிடந்த ரம்புத்தான் சருகை இரண்டு இழுப்பு இழுத்தார். ராஜ சுகம். மூன்றாவது இழுப்பில் மீன் கழன்று லோங்காங் சாக்கடையில் விழுந்தது. மழைத்தண்ணீர் புரண்டோடியது; மீன் அந்நேரம் தெலுக் இந்தான் தாண்டிக் கடலுக்கே போயிருக்கும். வாரியைத் துடைத்து, சத்தமில்லாமல் மாட்டிவிட்டார்.

அன்று ஒரு ஈகூட வரவில்லை. கல் காய்ந்துகொண்டே இருந்தது.

"நமக்கு ராசியில்லங்க. கடைய எடுத்துறலாம்," என்றாள் வீரம்மா, வாரியைப் பார்க்காமலே.

மீனைத் தொலைத்தவர் ஐயாவுதானே. பின்கட்டுக்குப் போய்ப் பழைய கூட்டாளி சன்னாசிக்குப் போன் போட்டார்.

"மச்சான், நம்ம லோரி ஆளுங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு வா லா. தோசை அப்படி இருக்கு!"

"நேத்துதான்டா ரப்பர் ஷீட் மாதிரின்னு சொன்னே?"

"அது நேத்து. வாய மூடிக்கிட்டு வா லா."

வந்தார்கள். தேர்தலுக்குக்கூட அந்தச் சாலை அத்தனை கூட்டத்தைப் பார்த்ததில்லை. மாவுப் பானையைச் சுரண்டிக் கடைசித் தோசையை வீரம்மா ஐயாவு தட்டில் போட்டாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"பாத்தீங்களா, வாரி இழுத்துருச்சு!"

நிமிர்ந்து பார்த்தார். மீன் இருந்த இடத்தில் வாடிய செம்பருத்தி ஒன்று செருகியிருந்தது.

"பூ... யாரு வெச்சா?"

"நான்தான். காலையிலயே."

காலையிலேயே. கடையை எடுத்துவிடலாம் என்று சொன்னபோதே மீன் போனது அவளுக்குத் தெரியும். ஆயுசெல்லாம் பாரம் ஏற்றியவர் முழுத் தோசையையும் ஒரே வாயில் ஏற்றிக்கொண்டார்.

"விக்குது பாருங்க," என்று தண்ணீரை நகர்த்தினாள் வீரம்மா. "நாளைக்கும் சன்னாசி அண்ணனக் கூப்பிடுங்க."