கல்லறைத் தோட்டத்தின் எல்லைக்கோடு

சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கங்கையாவின் கம்ப்யூட்டர் கடை. மத்தியானம் வந்து உட்கார்ந்த காலேப் இன்னும் எழுந்திருக்கவில்லை. சபைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தை ரோட்டுக்கு எடுக்கப் போகிறார்கள். ஆட்சேபணை சொல்ல இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அவர் மனைவி கிருபாபாயை அடக்கம் பண்ணியது அந்த ஓரத்தில்தான்.

அந்தக் கடையில் உட்கார்ந்து, பத்திரங்களை ஏபிஐ என்னும் இணைப்பு வாசல் வழியாக, தானே எழுதிய நிரலால் அரசாங்கக் கம்ப்யூட்டருக்கு நேரே அனுப்புவது அவர் தங்கை மகள் ஈவ்லினுடைய பிழைப்பு. அந்த ஓரமும் சபையினுடையதே என்று காட்டும் இந்தப் பத்திரத்தை மட்டும் அது வாங்க மறுத்தது. ஃபைல் அளவுக்கு மீறிப் பெரிது.

காரணம் காலேப்தான். எழுத்தில்லாத முதுகுப் பக்கங்களையும் கலரில், பெரிய அளவில் ஸ்கேன் பண்ண வைத்திருந்தார். ஒன்றை விட்டாலும் எதையோ மறைத்தான் என்பார்களாம். அவற்றை எடுத்துவிடலாம் என்றாள் ஈவ்லின். முடியாது என்றார். சரியென்று அளவைச் சுருக்கிக் காட்டினாள். அவர் திரையில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"கோடு எங்க? உங்க அத்தை ரோட்டு மேல படுத்துக்கினு கீறா பாரு."

பத்திரத்தோடு இருந்த வரைபடத்தின் மெல்லிய எல்லைக்கோடு அழிந்துதான் போயிருந்தது. ஈவ்லின் ஏபிஐ குறிப்புகளை மறுபடி படித்தாள். பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக, எண் போட்டு அனுப்பினால் அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளுமாம்.

காலேப் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பத்திரத்தை வெட்டுவதா?

"நடுவுல எவனாச்சும் ஒரு துண்டை மாத்தி வெச்சான்னா?"

ஒவ்வொரு துண்டோடும் ஓர் அடையாளம் போகும், ஒரு புள்ளி மாறினாலும் அங்கே தள்ளிவிடும் என்றாள். அவருக்கு விளங்கவில்லை.

"நம்பலன்னா விடுங்க மாமா. மணி ஆவுது."

விட்டு எங்கே போவது? பிடரியைப் பிடித்து அழுத்தினாற்போல் தலையாட்டினார்.

துண்டுகள் போயின. ஒன்று பாதி வழியில் நின்றது. அதை மட்டும் திரும்ப அனுப்பினாள். ஐந்தடிக்கச் சற்று முன்பு, எல்லாம் சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது.

காலேப் எழவில்லை. போனதை அங்கிருந்தே திருப்பி வாங்கிக் காட்டச் சொன்னார். முதுகுப் பக்கங்களையும் விடாமல் பார்த்தார். கடைசியில் வரைபடம். மயிரிழைபோல் கோடு இருந்தது. கிருபாபாயின் கல்லறை அதற்கு இந்தப் பக்கம், தோட்டத்துக்குள்.

கங்கையா ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"முழுசா போய்ச் சேந்துச்சி மாமா. இனிமே அவங்க கையில."

"அதான்மா பயமா கீது" என்றார் காலேப்.